மிளகும் மிளகாயும்: பூவிருந்தவல்லி வழியில் ஓர் உணவாராய்ச்சி

தென்னமெரிக்க நாடுகளுக்குச் செல்லும் இளைஞர் பலர், தோளில் ஒரு மூட்டையுடன் நகரந்தோறும் சில நாள் தங்கி, ஆங்குள்ள சந்தையிற் புகுந்து உண்டு, அவ்வுணவின் வாயிலாக அவ்வூரை அறிந்து மீளும் வழக்கமுடையர். பெரு நாட்டின் தலைநகராகிய லிமாவுக்குச் செல்லப் போதிய பொருள் எம்மிடம் இல்லை. ஆயினும் அவ்வழக்கம் எமக்கு உவப்பாயிருந்தமையின், சென்ற ஆடித்திங்களில் யாம் நால்வர் மூட்டை தாங்கி அம்பத்தூரில் ரயிலை விட்டிறங்கித் திருமுல்லைவாயில், ஆவடி வழியாகப் பூவிருந்தவல்லிவரை இரண்டு நாள் நடந்தேம். புறப்படுமுன், தமிழ்ப்பற்று மிக்க நண்பரொருவர், "இவ்விரண்டு நாளும் வேற்றுநாட்டுப் பொருள் கலவாத தமிழுணவே உண்பேன்" எனச் சூளுரைத்தனர். அச்சூளே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

அம்பத்தூர் உணவுச்சாலை ஒன்றில் முதற்சோதனை நேர்ந்தது. எமக்கு மசாலா தோசை வந்தது. அதனுள்ளிருந்த உருளைக்கிழங்கு, பெரு, பொலிவியா நாடுகளின் ஆண்டீஸ் மலைச்சாரலில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் மக்கள் பயிரிட்டு வளர்த்தது. சட்னியிலிருந்த வேர்க்கடலையும் தென்னமெரிக்கப் பயிரே. சாம்பாரில் மிதந்த தக்காளியின் காட்டினம் அக்கண்டத்தின் மேல்கரைக்குரியது. இவை யாவற்றிலும் கலந்திருந்த மிளகாயோ அமெரிக்க நிலத்தையன்றிப் பிறநிலத்தைத் தாயகமாக உடையதன்று. நண்பர் இவற்றை விலக்கி, மிளகு மணக்கும் வெண்பொங்கலை வரவழைத்து மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி நெடிது நிற்கவில்லை. பொங்கலின்மேல் நெய்யில் வறுத்த முந்திரிப்பருப்பு இருந்தது. அது பிரேசில் நாட்டு மரத்தின் கொட்டை. அவர் அவற்றைப் பொறுக்கி இலையின் ஓரத்தில் வைத்துவிட்டு உண்டனர்.

இவையெல்லாம் நம் நாட்டுக்கு எங்ஙனம் வந்தன? கொலம்பசு 1492-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தீவுகளை அடைந்தனர். வாஸ்கோ ட காமா 1498-இல் கோழிக்கோட்டை அடைந்தனர். 1500-ஆம் ஆண்டிற் போர்ச்சுகல்லினின்று புறப்பட்ட கப்ரால் என்பார், முதலிற் பிரேசில் கரையைக் கண்டு, அவ்வாண்டிலேயே கோழிக்கோட்டுக்கும் வந்தனர். இவ்வாறு இருகண்டங்களையும் கடல்வழி இணைத்தது. மிளகை நாடி வந்த அக்கப்பல்களின் வழியே மிளகாய் நம் நாடு புகுந்தமை நகைப்புக்குரியதன்றோ!

இனி, தமிழ் பயில்வோராகிய நாம் கருதவேண்டுவது, இவ்விருந்தினரை நம் மொழி வரவேற்ற முறையாம். அம்முறை நால்வகைப்படும். முன்னறிந்த பொருளோடு ஒப்பிட்டுப் பெயரிடல் முதல்வகை. மிளகுபோற் காரமுடைய காயாதலின் மிளகாய் என்றனர். மணத்தக்காளியை முன்னரே அறிந்தவராதலின், புதிதாய் வந்ததைச் சீமைத்தக்காளி என்றனர். நாளடைவிற் 'சீமை' உதிர்ந்து தக்காளியே நின்றது. வடிவும் இயல்பும் கண்டு பெயரிடல் இரண்டாம் வகை. உருளைக்கிழங்கு, நிலக்கடலை என்பன இதன்பாற்படும். கொணர்ந்தார் பெயரால் அழைத்தல் மூன்றாம் வகை. இதற்குப் பரங்கிக்காய் சான்றாம். வந்த பெயரையே தமிழோசைக்கேற்பத் திருத்திக்கொள்ளல் நான்காம் வகை. அன்னாசி என்னும் பெயர் தென்னமெரிக்கப் பழங்குடியினர் நாவிற் பிறந்து, போர்ச்சுகீசியர் வழியாக நம்மை அடைந்தது. சங்கநூல்களிற் 'கறி' என்னுஞ் சொல் மிளகைக் குறித்தது. இன்று மிளகாயிட்ட உணவும் கறியெனப்படுதல் காண்க.

அன்றிரவு ஆவடியில் உறவினர் இல்லத்தில் தங்கி, மறுநாள் கூவமாற்றைக் கடந்து பூவிருந்தவல்லியை அடைந்தேம். இராமாநுசர்க்கு வழிகாட்டிய திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் இது. இங்குள்ள வரதராசப் பெருமாள் கோயிலைப் புறத்தே நின்று கண்டபோது, மற்றொரு செய்தி நினைவுக்கு வந்தது. பழைய முறை பேணும் திருமால்கோயில் மடைப்பள்ளிகள் பலவற்றிலும், திவசச் சமையலிலும் இன்றும் மிளகாய் புகுவதில்லை. காரத்துக்கு மிளகே பயன்படும். ஐந்நூறு ஆண்டுகட்கு முற்பட்ட தமிழர் சமையலைக் காண விழைவார்க்கு அவையே வாழும் ஏடுகளாம். நண்பர் இதுகேட்டுப் பெரிதும் ஊக்கமுற்றனர்.

அவ்வூக்கமும் ஒரு நாழிகையே நின்றது. அன்று ஞாயிற்றுக்கிழமையாதலின், தெருவொன்றில் அம்மன் கோயிலின்முன் கூழ் வார்த்துக்கொண்டிருந்தனர். மூதாட்டி ஒருவர் எம்மை அழைத்து, ஆளுக்கொரு குவளை கேழ்வரகுக் கூழும், சின்ன வெங்காயமும், ஒரு மோர்மிளகாயும் தந்தனர். காலைமுதல் வாழைப்பழமன்றி வேறுண்ணாத நண்பர், மிளகாயைக் கண்டு கைநீட்டத் தயங்கினர். அம்மூதாட்டியின் முகம் வாடிற்று. "ஏன் தம்பி, எங்க கையால வாங்கிச் சாப்பிட மாட்டீங்களா?" என்றனர். அவ்வினாவின் பொருளை யாம் அறியாமலில்லை. அவர் மிளகாயைப் பற்றிக் கேட்கவில்லை. தம் வாழ்நாளிற் கண்ட பல தயக்கங்களுள் இதனையும் ஒன்றாகக் கருதிவிட்டனர். நண்பர் நாணி, "அப்படி ஒன்றும் இல்லை ஆயா" என்று கூறி இருகையாலும் ஏற்று, மிளகாயையும் எஞ்சாது உண்டனர். கேழ்வரகும் ஆயிரமாயிரம் ஆண்டுகட்கு முன் கிழக்காப்பிரிக்க மேட்டுநிலத்தினின்று வந்ததே என்பதை யாம் பின்னரே அவர்க்கு உரைத்தேம். அவர் வாய்விட்டு நகைத்தனர்.

மீளும்போது மீண்டும் அம்பத்தூரிற் புகுந்தேம். ஈங்கு 1949-ஆம் ஆண்டில் மிதிவண்டித் தொழிற்சாலையும், 1960-களில் தொழிற்பேட்டையும் தோன்றியபின் பல ஊரார் குடியேறினர். இன்று பீகார், ஒடிசா முதலிய மாநிலத்தாரும் பிழைப்பு நாடி வந்துள்ளனர். முதல்நாள் உணவுச்சாலையில் அத்தகையோர் இருவர் எம்மருகே அமர்ந்தபோது, "எங்கும் வெளியூராரே" என்று எம்முள் ஒருவர் முணுமுணுத்ததும், ஏனையோர் அதனை மறுக்காதிருந்ததும் உண்மை. அவ்வேளை எம் இலையிலிருந்தவற்றுட் பெரும்பாலன கடல்கடந்து வந்தவை. சொல்லுக்கும் காய்க்கும் நம் முன்னோர் இடமளித்துப் பெயருமிட்டனர். மனிதர்க்கு அவ்வளவேனும் செய்தல் நம் கடனன்றோ? இனி அவரருகே அமருங்கால், அவர்தம் பெயரையும் ஊரையும் முதலிற் கேட்டறிவேம் என உறுதிகொண்டு இல்லம் மீண்டேம்.