கம்பளிப்புழுவுக்குக் கண் தெரியுமா?

கேள்வி: ஏலத்தோட்டத்துக் கம்பளிப்புழுவுக்குப் பார்வை உண்டா? – வாசகர், மூணாறு

பதில்: உண்டு, ஆனால் மங்கல். தலையின் இருபுறமும் ஆறாறு குட்டிக் கண்கள். ஒவ்வொன்றிலும் ஏழே ஒளியுணர் செல்கள்.

அவை மூளையோடு எப்படி இணைகின்றன? இதில் கம்பளிப்புழுவைவிட அதிகம் ஆராயப்பட்டது பழ ஈயின் புழு. அதற்குப் பக்கத்துக்கு ஏறத்தாழ 12 ஒளியுணர் செல்கள்தாம். நீல ஒளியை உணர்பவை, மூளைக்குள் செய்தி கொண்டுபோகும் நரம்புகளோடு நேரடியாக இணைகின்றன. பச்சையை உணர்பவை முக்கியமாக இரண்டே இடைநரம்புகளோடு. அவற்றில் ஒன்று செய்தியைத் தூண்டும், மற்றது அடக்கும். வெளிச்சம் கூடுகிறதா, குறைகிறதா என்பதைக் கணிக்க இந்த ஏற்பாடு உதவுகிறது. புழு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, வெளிச்சத்தை ஒப்பிட்டு, இருட்டுப் பக்கம் ஊர்ந்துவிடும்.

2023இல் பழ ஈப் புழுவின் முழு மூளையின் இணைப்பு வரைபடமும் வெளியானது: 3,016 நரம்பணுக்கள், சுமார் 5.48 லட்சம் இணைப்புகள். எத்தனை அழகான சிக்கனம்!