சோலைக்கு விதை தூவும் மரநாய்

மாமிச பட்சிணிகளின் வரிசையில் நூல்கள் சேர்த்திருக்கும் பிராணியொன்று பெரும்பாலும் பழங்களையே உண்டு உயிர் வாழ்கிறது என்றால், நம்மில் பலர் நம்பத் தயங்குவோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் வாழும் பழுப்பு மரநாய் அத்தகையது. உலகில் வேறெங்கும் இவ்வினம் இல்லை. நம் மாநிலத்தில் ஆனைமலை, களக்காடு, முண்டந்துறை முதலிய இடங்களின் சோலைகளில் இதனைக் காணலாம்.

ஊர்ப்புறத்தில் கூரைமேல் ஓடும் சாதாரண மரநாய் வேறு, இது வேறு. அதற்கு உடலில் புள்ளிகள் உண்டு. இதற்கு இல்லை, பிடரி மயிரோ தலையை நோக்கி முன்புறமாக வளர்ந்திருக்கும். கோழிக்கூட்டில் நேர்ந்த நஷ்டத்துக்கெல்லாம் இதன்மேல் பழி போடுவது நியாயமன்று.

பகலில் மரப்பொந்திலோ அடர்ந்த கொடிப் பின்னலிலோ உறங்கும். இருட்டிய பின்னர் தனியே புறப்பட்டுக் கிளை வழியாகவே பழம் தேடிச் செல்லும். பூச்சிகளையும் சிறு பிராணிகளையும் உண்பதுண்டு. எனினும் அத்தி, நாவல், உருத்திராட்சம் ஆகிய இனங்களைச் சேர்ந்த சோலை மரங்களின் கனிகளே இதன் முக்கிய ஆகாரம். விதையோடு விழுங்கிய கனியின் சதை மட்டுமே செரிக்கிறது; விதை சிதையாமல் எச்சத்துடன் தாய்மரத்துக்கு அப்பால் விழுந்து முளைக்கிறது. சிறு பறவைகளால் விழுங்க முடியாத பெரிய விதைகளைப் பகலில் இருவாட்சி பரப்புகிறது. இரவில் அவ்வேலை மரநாயினுடையது. காப்பித் தோட்டத்தில் சில பழங்களை இது தின்றுவிடுகிறது என்பது உண்மையே. கூலி கேளாமல் சோலை வளர்க்கும் பிராணிக்கு அது பெரிய கூலியாகுமா?

வால்பாறையில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் காடு திருத்தித் தோட்டப்பயிர் செய்ததால், சோலை துண்டு துண்டாக எஞ்சியுள்ளது. தோட்டங்களில் நிழலுக்காக வைக்கப்படும் சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம். அது சதைக்கனி தருவதில்லை. பழமரங்களும் பொந்துள்ள முதிய மரங்களும் குறையுமானால், மரநாய்க்கு உணவும் இல்லை, உறைவிடமும் இல்லை.

ஆகவே, மலைப்பகுதி விவசாயிகள் நிழல் மரம் நடும்போது அத்தி, நாவல் போன்ற நாட்டு மரங்களையும் சேர்த்து நடலாம். பொந்து விழுந்த மரத்தை, ஆபத்தில்லாத இடமாயின், விட்டுவைக்கலாம். கண்ணி வைத்துப் பிடிப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். 2002-ஆம் ஆண்டின் உயிரியற் பன்மைச் சட்டம் ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்கப் பணிக்கிறது. பஞ்சாயத்து அங்கத்தினர்கள் அக்குழுவின் பதிவேட்டில் தம் எல்லையிலுள்ள சோலைத் துண்டுகளையும், முதிய பழமரங்களையும், அவை கனியும் மாதங்களையும் குறித்து வைத்தால், எந்த மரத்தைக் காக்க வேண்டும் என்பது தெளிவாகும்.