அமர்ந்திருக்கும் குழந்தை

நம் நாட்டு மைதான விளையாட்டுகளுள் கோ-கோ எளிமையானது. பந்தும் வேண்டாம், மட்டையும் வேண்டாம். 1914-இல் புனேயில் இதற்கு விதிகள் வகுக்கப்பட்டன. 2025 ஜனவரியில் புது டெல்லியில் முதல் உலகக் கோப்பைப் போட்டியும் நடைபெற்றது.

விரட்டும் அணியினர் எண்மர், ஒருவர் விட்டு ஒருவர் எதிரெதிர்த் திசை நோக்கி வரிசையாக அமர்ந்திருப்பர். ஒன்பதாமவர் மட்டுமே துரத்துவார். அவர் திரும்பி ஓடலாகாது. வரிசையைக் கடக்கவும் கூடாது. தப்பி ஓடுபவர் மறுபக்கம் சென்றுவிட்டால், அப்பக்கம் நோக்கி அமர்ந்திருப்பவரின் முதுகைத் தொட்டு, 'கோ' என்று கூறி, அவரது இடத்தில் தாம் அமர்ந்துவிட வேண்டும். எத்தகைய ஓட்டக்காரராயினும் வாய்ப்பைப் பிறருக்கு வழங்கியே ஆக வேண்டும்.

ஆயினும் ஆறேழு வயதுக் குழந்தைகளிடையே ஒரு சங்கடம் எழுவதுண்டு. மெதுவாக ஓடும் குழந்தைக்கு எவரும் 'கோ' தருவதில்லை. ஆட்டம் முடியும்வரை அக்குழந்தை மண்ணைக் கிளறியபடியே அமர்ந்திருக்கும். வெற்றியை விரும்பும் பிள்ளைகளைக் கடிந்து பயனில்லை. எல்லோரும் ஒருமுறை எழுந்த பின்னரே எவருக்கும் இரண்டாம் முறை என்று நடத்துபவர் ஒரு விதியைச் சேர்த்துவிடலாம். எண்மருக்குப் பதில் ஐவரை அமர்த்தினால் முறையும் விரைவில் வரும். முதுகில் ஓங்கி அடிக்காமல் உள்ளங்கையால் மெல்லத் தொடும்படி, ஆட்டம் தொடங்கும் முன்பே பழக்கிவிட வேண்டும்.