சரக்கு வண்டிக்கு ஏற்ற சார்ஜர் எது?



2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது மளிகைச் சரக்கு வண்டிகளுக்கு அனுமதி இருந்தது. ஆனால் எங்கள் டிரைவர் ஊருக்குப் போய்விட்டதால் வேன் மூன்று வாரம் நின்ற இடத்திலேயே நின்றது. அவர் வந்து சாவியைத் திருகியபோது செல்ஃப் எடுக்கவில்லை. தெரிந்தவரிடம் பழைய சார்ஜர் ஒன்றை வாங்கி, இரவு மாட்டிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் பேட்டரி கொதித்துக் கிடந்தது. உள்ளே தண்ணீர் வற்றித் தகடுகள் வெளியே தெரிந்தன. புதிது வாங்கக் கடை திறந்திருக்கவில்லை. 12 சில்லறைக் கடைகளுக்குப் போகவேண்டிய அரிசியும் பருப்பும் குடோனிலேயே தங்கிவிட்டன. என் அஜாக்கிரதைக்கு நான் கொடுத்த விலை அது.

பழைய வகை சார்ஜருக்கு நிறுத்தத் தெரியாது. பேட்டரி நிறைந்த பின்னும் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஸ்மார்ட் சார்ஜர் அப்படியல்ல. முதலில் முழு வேகத்தில் ஏற்றும், சுமார் 14.4 வோல்ட் வந்ததும் மின்சாரத்தைப் படிப்படியாகக் குறைக்கும், நிறைந்ததும் 13.5 வோல்ட் அளவில் காத்துவரும். கடன் கொடுப்பதில் எல்லை தெரிந்த வியாபாரியைப் போன்றது அது.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை:

1. வோல்ட்: கார், சிறிய வேன்களுக்கு 12 வோல்ட். பெரிய லாரிகளில் இரண்டு பேட்டரி சேர்ந்து 24 வோல்ட். சார்ஜர் உங்கள் வண்டிக்கு உரியதா என்று பாருங்கள்.

2. ஆம்பியர்: பேட்டரியின் மேல் ஏ.எச். என்று ஓர் எண் இருக்கும். அதில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் போதும். 35 ஏ.எச். பேட்டரிக்கு 4 ஆம்பியர், 75 ஏ.எச். என்றால் 7 அல்லது 8. சிறியதானால் நேரம்தான் கூடும். மிகப் பெரியதானால் பேட்டரி சூடாகும். "பெரிசா வாங்கிப் போடுங்க அண்ணாச்சி" என்று கடைக்காரர் சொன்னால் மயங்க வேண்டாம்.

3. பேட்டரி வகை: சாதாரண ஈய அமில பேட்டரி வேறு, ஏ.ஜி.எம். வேறு, லித்தியம் வேறு. சார்ஜரில் அதற்குரிய பொத்தான் உண்டு. ஈய அமில பேட்டரிக்கு லித்தியம் முறையைப் போடக்கூடாது.

4. பாதுகாப்பு: கிளிப்பை மாற்றி மாட்டினாலும், இரண்டும் உரசினாலும், சூடு மிஞ்சினாலும் தானே நின்றுவிட வேண்டும். பில், உத்தரவாதச் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள்.

5. அடியோடு இறங்கிய பேட்டரி: பல ஸ்மார்ட் சார்ஜர்கள் இதைப் பேட்டரி என்றே ஏற்றுக்கொள்ளாது. இறங்கிய பேட்டரியை உயிர்ப்பிக்கும் வசதி உள்ளதா என்று கேளுங்கள்.

மாட்டும்போது முதலில் சிவப்புக் கிளிப்பை பிளஸ்ஸில் மாட்டுங்கள். கறுப்பை, பேட்டரிக்குச் சற்றுத் தள்ளி வண்டியின் இரும்புப் பகுதியில் மாட்டுங்கள். கடைசியில்தான் சுவிட்ச். கழற்றும்போது முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது தீப்பிடிக்கும் வாயு வெளிவரும். ஆகவே தீப்பெட்டி, கற்பூரம், சாக்கு அடுக்கிய குடோனுக்குள் வைத்து ஏற்றவே கூடாது. காற்றோட்டமான வெளியிடமே நல்லது.

தினமும் நீண்ட தூரம் ஓடும் வண்டிக்குச் சார்ஜர் அவசியமில்லை. அதன் பேட்டரி அடிக்கடி இறங்கினால் டைனமோவைப் பார்க்கச் சொல்லுங்கள். நாள்கணக்கில் நிற்கும் வண்டிக்குத்தான் இது தேவை. ஓடி நின்று சில மணி நேரம் கழித்து மீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான். இறங்கிய பேட்டரியை அப்படியே விட்டால் தகடுகளில் உப்புப் படிந்து கெட்டியாகி, பிறகு எந்தச் சார்ஜராலும் மீட்க முடியாது.

சரக்கு இருப்பை வாரம் ஒருமுறை பார்ப்பதுபோல் பேட்டரியையும் பாருங்கள். பண்டிகைக்கு முதல்நாள் வண்டி நின்றால், நட்டம் பேட்டரி விலையோடு நிற்காது.