அவள் அடிக்காத பெனல்ரி

ஸ்காபரோ
வெள்ளிக்கிழமை, விடியக்காலை

அன்புள்ள பிள்ளைக்கு,

நேற்றிரவு நீ போனில் கேட்டதற்கு அப்போது எனக்குப் பதில் வரவில்லை. "முதல் வருசம் எத்தனை கோல் போட்டால் என்னை வைத்திருப்பினம், பெரியம்மா?" என்று கேட்டாய். கழகத்தின் ஒப்பந்தம் கைக்கு வந்து மூன்று நாள்தான். இன்னும் கையெழுத்தே வைக்கவில்லை, அதற்குள் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டாய். நித்திரை வரவில்லை. எழும்பித் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து இதை எழுதுகிறேன்.

கோல் கணக்கென்றால் கிறிஸ்ரின் சின்கிளேயருக்கு மேலே யாருமில்லை என்று எனக்கு நீதான் சொல்லித் தந்தாய். எட்டு வயதில் உன் கட்டிலுக்கு மேலே 12ஆம் இலக்கச் சட்டையோடு அவளின் படத்தை ஒட்டி வைத்திருந்தாய். பேர்ணபியில் பிறந்த பிள்ளை. 2000ஆம் ஆண்டு, 16 வயதில் உதைபந்தாட்டத்தில் கனடாவுக்காக இறங்கினாள். 2023 முடிவில் விடைபெறும்போது 331 ஆட்டம், 190 கோல். நாட்டுக்காக ஆடி அவ்வளவு கோல் போட்டவர் ஆண்களிலும் இல்லை.

ஆனால் அவளை நினைத்தால் என் கண்ணுக்குள் வருவது அவள் அடிக்காமல் விட்ட இரண்டு பெனல்ரிகள்.

முதலாவது 2019 உலகக் கிண்ணத்தில், பாரிஸில். சுவீடன் ஒரு கோல் முன்னுக்கு நிற்கிறது. கனடாவுக்குப் பெனல்ரி கிடைக்கிறது. கப்டன் சின்கிளேயர்தான் அடிப்பாள் என்று வீட்டில் நாங்கள் எல்லோரும் கதிரை நுனியில் இருக்கிறோம். அவளோ ஜனீன் பெக்கியிடம் "நீ அடிக்கிறாயா?" என்று கேட்டு விட்டுக்கொடுக்கிறாள். பெக்கி நல்லாகத்தான் அடித்தாள். சுவீடன் கோல்காப்பாளர் பாய்ந்து தட்டிவிட்டாள். கனடா வீட்டுக்கு வந்தது. அன்றைக்குக் கொப்பா ரீவியைப் பார்த்துப் பேசிய பேச்சு உனக்கு நினைவிருக்கும். நானும் சேர்ந்துதான் பேசினேன், மறைக்கவில்லை.

இரண்டாவது 2021 ஓகஸ்டில், யோகொஹாமாவில், ஒலிம்பிக் இறுதியாட்டம். திரும்பவும் சுவீடன், திரும்பவும் ஒரு கோல் பின்னுக்கு. இந்த முறை பெனல்ரி கிடைத்ததே சின்கிளேயரை விழுத்தியதற்கு. அடித்தது 23 வயது ஜெசி பிளெமிங். கோல். வழமையான ஆட்ட நேரம் முடிய நாலைந்து நிமிடம் இருக்கும்போது சின்கிளேயரை வெளியே எடுத்துவிட்டார்கள். தங்கப் பதக்கத்தைத் தீர்மானித்த பெனல்ரி உதைகள் அத்தனையையும் அவள் கோட்டுக்கு வெளியே நின்றுதான் பார்த்தாள்.

இரண்டு நாளும் அவள் ஒரே வேலையைத்தான் செய்தாள்: அந்த நேரத்தில் தன்னைவிட நல்லாக அடிக்கக்கூடியவள் யார் என்று பார்த்தாள். ஒரு நாள் பந்து தடுக்கப்பட்டது, மற்ற நாள் வலைக்குள் போனது. 2019இல் அவள் பிழை செய்தாள் என்று நான் பேசியதுதான் பிழை. பாரிஸில் அவ்வளவு பேச்சு வாங்கியும், யோகொஹாமாவில் "இனி நானே அடிக்கிறேன்" என்று அவள் நிற்கவில்லையே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

தானே அடித்துத் தவறவிட்டதும் உண்டு. 2023இல் மெல்பேர்னில், நைஜீரியாவுக்கு எதிராக. போட்டிருந்தால் ஆறு உலகக் கிண்ணங்களில் கோல் போட்ட முதல் ஆள் அவள்தான். தடுத்துவிட்டார்கள். அடுத்த ஆட்டம் அயர்லாந்தோடு. 40 வயதுக் கப்டனை பெஞ்சில் இருத்தித்தான் தொடங்கினார்கள். இடைவேளைக்குப் பிறகு இறக்கினார்கள், இறங்கி ஓடினாள். கனடா 2-1 என்று வென்றது.

உனக்குப் பதினாலு வயதில் மார்க்கம் டோமில் ஒரு இரவு. வெறும் கோலுக்கு முன்னால் நின்று பந்தை மேலே அடித்துவிட்டு வந்து காரில் ஏறினாய். காலுறைக்கு மேலே சுற்றியிருந்த வெள்ளை ரேப்பைக் கிழித்துக் கிழித்து உருண்டையாக்கிக் கதவுப் பொந்துக்குள் திணித்தாய். வீடு வரும்வரை ஒரு கதை இல்லை. அந்த உருண்டை அடுத்த கோடை வரைக்கும் அங்கேயே கிடந்தது. நான் எடுக்கவில்லை, நீயும் எடுக்கவில்லை. நேற்றுப் போனில் உன் குரலைக் கேட்க அந்த உருண்டைதான் ஞாபகம் வந்தது. முன்கள வீராங்கனை என்றால் தவறவிடுவதுதான் கனக்க நடக்கும். நானும் ஊரில் வலைப்பந்தில் கோல் சூட்டராக நின்றவள். வட்டத்துக்குள் நிற்கிறவளுக்குப் பந்து தன்னிடம் வந்ததுதான் தெரியும், அதைக் கொண்டுவர மற்றவர்கள் ஓடிய ஓட்டம் தெரியாது. உனக்கு மைதானம் முழுக்க ஓட விடுகிறார்கள், ஆகவே உனக்கு அந்தச் சாட்டு இல்லை.

சரி, இனிக் காசுக் கதை. கொம்மா இதைக் கதைக்கச் சங்கடப்படுகிறாள். இன்சூரன்ஸ் கொம்பனியில் 22 வருசம் கிளெயிம் பார்த்த எனக்குச் சங்கடமில்லை.

சின்கிளேயர் 2010இல் அமெரிக்க லீக்கில் கோல்ட் பிரைட் அணியோடு கிண்ணம் வென்றாள். சில வாரத்திலேயே அந்தக் கழகத்தை மூடிவிட்டார்கள். அடுத்த வருசம் வேறு கழகத்துக்குப் போய் அங்கேயும் கிண்ணம் வென்றாள். 2012இல் லீக்கையே இழுத்து மூடினார்கள். அவள் கோல் போடாததாலா மூடினார்கள்? பிறகு 2013இல் புது லீக் தொடங்கி, போர்ட்லண்டில்தான் நிலைத்தாள். தன் நாட்டில் பெண்களுக்கு முழுநேரத் தொழில்முறை லீக் ஒன்று 2025 ஏப்ரலில் தொடங்கியபோது அவள் ஓய்வு பெற்றுவிட்டாள். தொடங்கிவைத்தது யார் தெரியும்தானே, 2012 ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராகக் கடைசி நேரத்தில் வெண்கலக் கோல் போட்ட டயானா மதீசன். ஆறு கழகம், ஆகக் குறைந்த சம்பளம் 50,000 டொலர் என்று வைத்தார்கள். ரொறன்ரோ வாடகைக்கு அது எவ்வளவு தூரம் போகும் என்று உனக்கே விளங்கும். அதனால் நேர்சிங் படிப்பை விடாதே. வருசத்துக்கு இரண்டு பாடமென்றாலும் எடு. லீக் நிலைக்கும் என்று நானும் நம்புகிறேன். ஆனால் நம்பிக்கையை வைத்து வாடகை கட்ட ஏலாது.

முழங்காலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறாய். பெண் பிள்ளைகளுக்கு முழங்காலுக்குள் இருக்கிற ஏ.சி.எல். நார் அறுகிற ஆபத்து ஆண்களைவிடக் கூட. பெக்கிக்கு 2023இல் அறுந்தது; அந்த உலகக் கிண்ணமே அவளுக்கு இல்லாமல் போனது. வோர்ம் அப்புக்குப் பிந்திப் போகிற பழக்கம் உனக்கு இருக்கிறது. நான்தானே காரோட்டினேன், எனக்குத் தெரியும்.

இன்னுமொன்று. கோச் யாராவது கதையிலோ கையிலோ எல்லை தாண்டினால், இடம் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டு இருக்காதே. அமெரிக்க லீக்கில் வருசக் கணக்காக என்ன நடந்ததென்று 2022இல் சாலி யேட்ஸின் விசாரணை அறிக்கை எழுத்தில் வைத்தது. முறைப்பாடு சொன்ன பிள்ளைகளைக் கேட்காமல் விட்டவர்கள்தான் அதில் கனக்க.

எத்தனை கோல் என்று கேட்டாய். எனக்குத் தெரியாது. உன்னை எடுக்கிறவர்களுக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வரும்போது ஒப்பந்தத்தை முழுதாகக் கொண்டு வா, போனில் படம் பிடித்து அனுப்ப வேண்டாம். காயப்பட்டால் சம்பளம் எத்தனை மாதம் வரும், சத்திரசிகிச்சைக்கு யார் கட்டுவது, வருச முடிவில் விடுவதென்றால் எத்தனை நாளுக்கு முதல் சொல்ல வேணும், இந்த மூன்றும் எந்தப் பக்கத்தில் இருக்கிறதென்று பார்ப்போம். நான் வாசிக்கும்வரை கையெழுத்து வைக்காதே.

அன்புடன்,
பெரியம்மா