சுவரில் ஓதம், பிள்ளைக்கு இளைப்பு

கேள்வி: ஃபெஞ்சல் புயலில் தளம் ஒழுகியதிலிருந்து எங்கள் படுக்கை அறைச் சுவரில் கருப்புக் கருப்பாகப் பூஞ்சை படர்கிறது. பெயின்ட் அடித்தாலும் மழைக்காலத்தில் திரும்பி வந்துவிடுகிறது. மூன்று வயது மகனுக்கு ராத்திரியானால் இருமல், மூச்சில் விசில் சத்தம். ‘சளி உடம்பு, வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்கிறார் மாமியார். சுவருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
- வாசகி, இரும்பை

பதில் (குழந்தைகள் நல மருத்துவர்): நிச்சயம் இருக்கலாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் கரை கடந்தபோது, உங்கள் பக்கத்து மயிலத்தில் மட்டும் 50 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அவ்வளவு தண்ணீர் குடித்த தளமும் சுவரும் லேசில் காயாது. ஈரம் நின்ற இடத்தில் ஓரிரு நாளிலேயே பூஞ்சை பிடித்துவிடும். அதன் நுண்வித்துகள் காற்றில் கலந்து மூச்சோடு உள்ளே போகின்றன. சிறு பிள்ளையின் மூச்சுக்குழல் குறுகலானது. பெரியவர்களைவிட வேகமாகவும் மூச்சு விடுவான். அதே அறையில் படுக்கும் உங்களுக்கு ஒன்றுமில்லாமல் அவனுக்கு மட்டும் இளைப்பு வருவது அதனால்தான். ஓதம் பிடித்த வீடுகளில் ஆஸ்துமா தொல்லை கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே சொல்லிவிட்டது.

இங்கிலாந்தின் ராச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தான். வீட்டில் நெடுநாள் இருந்த பூஞ்சையே காரணம் என்று மரண விசாரணையில் தீர்ப்பானது. தந்தை முதலில் முறையிட்டபோது, மேலே பெயின்ட் அடிக்கச் சொல்லியிருந்தார்கள். அப்படி நடப்பது மிக அரிது, பயப்படாதீர்கள். ஆனால் பெயின்டை மட்டும் நம்ப வேண்டாம். உள்ளே ஈரம் இருக்கும்வரை பூஞ்சை பெயின்டைத் துளைத்துக்கொண்டு வரும்.

முதல் வேலை மொட்டைமாடியில். வெடிப்பை அடைத்து, தண்ணீர் தேங்காமல் வாட்டம் பார்த்து, ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடுங்கள். பிறகு மகனை வேறு அறைக்கு மாற்றிவிட்டு, வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, சோப்புத் தண்ணீரால் சுவரைத் தேய்த்துத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். செத்த பூஞ்சையும் ஒவ்வாமை தரும் என்பதால் துடைத்தெடுப்பதுதான் முக்கியம். பிளீச்சிங் பவுடரையும் கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள். கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைப் பொசுக்கும். பூஞ்சை ஏறிய பஞ்சு மெத்தையைக் காயவைத்துப் பயனில்லை, தூக்கிப் போட்டுவிடுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். அறைக்குள் கொடி கட்டித் துணி காயப்போட வேண்டாம்.

இன்னொன்று, பெரியவர்கள் கோபித்துக்கொண்டாலும் சொல்லியாக வேண்டும். தலைக்கு ஊற்றியதும் காட்டும் சாம்பிராணிப் புகையும், ராத்திரி கொளுத்தும் கொசுவர்த்திச் சுருளும் இந்தப் பிள்ளைக்கு ஆகவே ஆகாது. கொசுவலை போதும்.

சுவர் ஒருபக்கம் இருக்கட்டும், அவனை இப்போதே மருத்துவரிடம் காட்டுங்கள். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டியிருந்தால் காசநோய்ப் பரிசோதனையும் தேவை. இன்ஹேலர் எழுதிக் கொடுத்தால் தயங்காதீர்கள். அது பழக்கமாகிவிடும் என்ற பேச்சில் உண்மையில்லை. மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்கு இடையே குழி விழுந்தாலோ, பேசவோ குடிக்கவோ முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். கோரிமேடு ஜிப்மர் உங்களுக்கு அதிக தூரமில்லை.