காவலர் தேர்வு முடிவை எதிர்த்து வழக்கா?

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் முடிவில் குறை காணும் தேர்வர் முதலில் கவனிக்க வேண்டியது விடைக்குறிப்பை. உத்தேச விடைகள் வெளியானதும், குறித்த நாளுக்குள் பாடநூல் சான்றோடு ஆட்சேபம் தெரிவித்து, அதன் நகலைப் பத்திரப்படுத்துவது நல்லது. ‘அப்போதே ஏன் சொல்லவில்லை?’ என்ற கேள்வி நீதிமன்றத்தில் நிச்சயம் எழும். விடைத்தாள் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்.

அரசமைப்புச் சட்டத்தின் 226-ஆவது பிரிவின்படி சென்னை உயர் நீதிமன்றத்திலோ அதன் மதுரைக் கிளையிலோ ரிட் மனு தாக்கல் செய்யலாம். ஆனால் நீதிபதிகளே விடைத்தாளைத் திருத்த மாட்டார்கள். விடைக்குறிப்பு சரியென்றே கொள்ளப்படும். நீட்டி முழக்காமலே பளிச்சென்று தெரியும் பிழைக்கு மட்டுமே, அதுவும் அபூர்வமாக, தலையிடலாம் என்று 2017-இல் ரண் விஜய் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ‘இந்த விடையும் பொருந்தும்’ என்கிற வாதம் பெரும்பாலும் எடுபடாது. சந்தேகத்தின் பலன் தேர்வு நடத்தியவர்களுக்கே.

தேர்வானவர்களின் இடம் பறிபோகக்கூடும் என்றால், அவர்களையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க வேண்டும். நியமன ஆணை கொடுத்துப் பயிற்சியும் தொடங்கிய பிறகு வரும் மனுவுக்கு வலு குறைவு.